வலது கை மரத்திருந்த நாட்கள்

காலையில் தலை பின்னும்போதுதான் முதலில் தெரிந்தது. முடியை மூன்றாகப் பிரித்து விரல்களுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். இடது கையில் முடி இருந்தது. வலது கையில் எதுவுமே இல்லை போலிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் இருக்கிறது, கண்ணை மூடினால் இல்லை. தூக்கத்தில் கையை மடக்கிப் படுத்திருப்பேன், ரத்தம் ஓடினால் சரியாகிவிடும் என்று உதறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு விசில் ஊதப்போனேன். கை வாய்க்கு வந்துவிட்டது, விசில் வரவில்லை. அது கீழே மணலில் கிடந்தது. விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, புடவையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி வலது உள்ளங்கையில் குத்தினேன். ரத்தப்பொட்டு வந்தது. வலி வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்திரண்டு வயது. பெயர் தனலட்சுமி, எல்லோருக்கும் தனம். திருவிடந்தையை ஒட்டிய குப்பத்தில் எங்கள் வீடு. நைனா கட்டுமரம் போகிறவர், அம்மா மீன்கூடை சுமந்து விற்றவள். மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியை. வட்டு எறிவேன். மாவட்டப் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து நான்தான் முதல். மாநிலப் போட்டிக்குப் போய் ஓர் இடம் வாங்கிவிட்டால் நிரந்தர வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கையை வைத்துத்தான் வீட்டில் எல்லாக் கணக்கும் போட்டிருந்தோம்.

கை மரத்துப்போனதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டு மைதானத்தில் பயிற்சி. என்னோடு பயிற்சி செய்தவள் கற்பகம். வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்துப் பெண், பதினெட்டு வயது, செங்கல்பட்டில் விடுதியில் தங்கிப் படித்தாள். வட்டைப் பிடிக்கவே நான்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். அன்று முதல் தடவையாக அவள் வட்டு என் குறியைத் தாண்டி விழுந்தது. எங்களைப் பழக்கிய மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இந்த வருஷம் கற்பகத்தை அனுப்பலாம் போலிருக்கே. தனம், நீ கூட இருந்து அவ கால் வைக்கிறதைப் பாத்துக்கோ" என்றார். அடுத்து என் முறை. நான் எறிந்த வட்டு, விழுந்த வட்டுகளைப் பொறுக்கப் போயிருந்த கற்பகத்தின் காதை உரசினாற்போலப் போயிற்று. சடையில் கட்டியிருந்த ரிப்பன் அறுந்து விழுந்தது. அவள் ரிப்பனை எடுத்து ஆட்டி, "அக்கா, இன்னும் ரெண்டு விரக்கடை கீது, எந்தலைக்கு!" என்று சிரித்தாள். மாஸ்டர் இருவரையும் திட்டினார். அதோடு முடிந்தது. அதில் நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது.

பின் குத்தியும் வலிக்காததை அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போனாள். சாப்பிடும்போது பார்த்தேன், நான் தண்ணீர் குடித்த தம்ளர் மற்ற தம்ளர்களோடு இல்லை. ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியாமல் போகலாம். எங்கள் மாவட்டத்தில் அந்தக் காலத்தில் கை மரத்துப்போயிற்று என்று சொன்னால், கேட்பவர்கள் மனசில் வரும் நோய் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். "பெரிய வியாதி" என்பார்கள். உணர்ச்சியில்லாத தோல்தான் தொழுநோயின் முதல் அடையாளம் என்று பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதியிருந்தது. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் படிக்கச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

மறுநாள் அம்மாவும் நானும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். கேளம்பாக்கம் தாண்டும்வரை அம்மா என் வலது கையைத் தன் முந்தானைக்குள் மூடிப் பிடித்திருந்தாள். அது அன்பினாலா, மறைப்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பிடித்திருப்பதும் எனக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, தோல் பார்க்கும் அறைக்கு வெளியே காத்திருந்தோம். பெஞ்சில் ஓர் அம்மாள், விரல்கள் குட்டையாகத் தேய்ந்தவள், நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. ஒரு மணி நேரம் நின்றேன். "காலு நோவும், குந்தும்மா" என்றாள் மறுபடியும். "பரவாயில்லை" என்று சுவரைப் பார்த்துக்கொண்டேன். அன்று நான் பயந்தது அவளைப் பார்த்து அல்ல, அவள் இடத்தில் என்னைப் பார்த்து. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கூசுகிறது.

டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார். ஒரு குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் ஊற்றிக் கையில் வைத்து எது சூடு என்று கேட்டார். மணிக்கட்டுக்கு மேலே எல்லாம் சரியாகச் சொன்னேன். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. புருவத்தைத் தடவிப் பார்த்தார், முழங்கைக்குப் பின்னால் விரலை விட்டு நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்தார். பிறகு காது மடலைக் கிள்ளிப் பிடித்து பிளேடால் லேசாகக் கீறி, கசிந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார்கள். அந்தக் கிருமி இருந்தால் அதில் தெரியுமாம்.

"ரிசல்ட் வர நாலஞ்சு நாள் ஆகும். கழுத்து எலும்பும் எக்ஸ்ரே எடுக்கணும். வார்டுல சேர்ந்துக்கோ" என்றார்.

"அதுவா சாமி?" என்றாள் அம்மா.

"இப்போ எதுவும் சொல்ல முடியாது. அதுவா இருந்தாலும் மாத்திரை இருக்கும்மா. குணமாகும்."

குணமாகும் என்ற சொல் எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அந்த நாட்களில் எனக்கு வேறு வேலை இல்லை, கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் குட்டையாகிறதா, தோல் வெளுக்கிறதா, மூக்கு அமுங்குகிறதா. பக்கத்துக் கட்டில்காரியிடம் கண்ணாடி வாங்கி மூக்கைப் பார்ப்பேன். பள்ளியில் வேலை போகும், குப்பத்தில் தண்ணீர்க் குழாயண்டை விடமாட்டார்கள், தங்கச்சியைக் கட்ட யாரும் வரமாட்டார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். வரும்போது நெஞ்சு அடித்துக்கொண்டு உள்ளங்கால் சில்லிட்டுப் போகும். கை மட்டும் எனக்குச் சம்பந்தமில்லாததுபோல விரிப்பின்மேல் கிடக்கும்.

இரண்டாம் நாள் மதியம் அம்மா சோறு பிசைந்து ஊட்டினாள். பாதிக்குமேல் இறங்கவில்லை. மிச்சத்தை அவள் கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அதே தட்டில், அதே கையால், வார்டே பார்க்க அவள் சாப்பிட்டாள். பிறகு என் தம்ளரை எடுத்து மிச்சத் தண்ணீரையும் குடித்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா, வேணாம். ஒட்டிக்கும்."

"ஒட்னா ஒட்டட்டும். வூட்ல தம்ளர கவுத்து வெச்சனே, அன்னிலேந்து எனக்கு சோறே எறங்கல. அத்த பேசாத."

மூன்றாம் நாள் கற்பகம் வந்தாள். வேகவைத்த வேர்க்கடலையைக் காகிதத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக நீவிவிட்டாள்.

"சீக்கிரம் வாக்கா. நீ இல்லாம எனக்குக் காலே சரியா வெக்க வர்ல. மாஸ்டர் கத்திகினே கீறாரு."

"என்னை விடு" என்றேன்.

"இன்னாக்கா?"

"கையை விடுடி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. கடலையை வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று சாயங்காலம் பார்த்தால், மரத்துப்போனது மணிக்கட்டில் நிற்கவில்லை. முழங்கைவரை ஏறியிருந்தது. விரல்களை மடக்கவும் முடியவில்லை. இனித் தோள், பிறகு நெஞ்சு என்று எண்ணிக்கொண்டு, நெஞ்சுக்கு வரும்முன் செத்துப்போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை நரம்பு பார்க்கும் பெரிய டாக்டர் வந்தார். சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டினார், கை துள்ளியது. மரத்துப்போன எல்லையைப் பேனாவால் கையைச் சுற்றிக் கோடு போட்டார். வளையல் போட்டதுபோல வட்டமாக வந்தது. எல்லை மணிக்கட்டு என்று எழுதியிருந்த முதல் நாள் குறிப்பைப் பார்த்தார். என் உள்ளங்கையை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

"அடுப்பாண்ட வேலை செய்வியா?"

"செய்வேன் சார்."

"மீன் ஆய்வியா?"

"ஆய்வேன்."

"ஒரு சுட்ட தழும்பு இல்லை. ஒரு வெட்டுக்காயம் இல்லை. நிஜமா நரம்பு செத்த கை இவ்வளவு பத்திரமா இருக்காது" என்றார். பிறகு என் நல்ல கையில் விரலால் வரைந்து காட்டினார். "பாரு, சுண்டுவிரல் பக்கம் ஒரு நரம்பு. கட்டைவிரல் பக்கம் ஒண்ணு. புறங்கைக்கு ஒண்ணு. நோய் வந்தா அது போற வழியில மட்டும் மரத்துப்போகும். உனக்குச் சுத்தி வளைச்சு உறை போட்ட மாதிரி மரத்திருக்கு. அப்படி ஒரு நரம்பு யாருக்குமே கிடையாது. எக்ஸ்ரே சுத்தம். காதுல எடுத்ததுலயும் கிருமி இல்லை."

அம்மா அவர் காலில் விழப்போனாள். அவர் தடுத்துவிட்டு, "கை நல்லா இருக்கு. மனசு அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. மனநலப் பிரிவுல ஒரு அம்மா இருக்காங்க, பேசிப் பாருங்க" என்றார்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய வியாதி இல்லை, வெறும் பைத்தியம்தான் என்று வந்துவிட்டது. சாயங்காலம் வந்த நைனாவுக்குத்தான் முகம் கறுத்துவிட்டது. "இன்னா டாக்டரு அவுரு? எம்பொண்ணு கீழ்ப்பாக்கத்துக் கேசா?" என்று கத்தினார். பக்கத்துக் கட்டில்காரி தன்னைப் பார்க்க வந்தவளிடம், "ஒண்ணியும் இல்லியாம். வேல செய்யாம குந்திக்கினு கீறதுக்கு நடிக்குது" என்றாள், எனக்குக் கேட்கும்படியாகவே. என் பயம் இப்போது வேறாயிற்று. நான் நடிக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் என் கை எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்கிறது என்றால், இன்னும் என்னென்ன செய்யும்?

ஆலோசகர் என்றதும் வயதான டாக்டரம்மாவை எதிர்பார்த்தேன். விமலா என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவள். மெட்ராஸில் மனோதத்துவம் படித்துவிட்டு தினமும் ரயிலேறி வந்துபோனாள். "நான் டாக்டர் இல்லை. ஊசி போடமாட்டேன். பேசறதுதான் என் வேலை" என்றாள். என் பெயரை எழுதும்போதே தப்பாக எழுதி அடித்தாள். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

முதல் நாள் ஏதேதோ கேட்டாள். கல்யாணப் பேச்சு ஏதாவது உண்டா, வீட்டில் சண்டையா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இரண்டாம் நாள் கேள்வியெல்லாம் தீர்ந்துபோய், "டிஸ்கஸ் எப்படி எறியறதுன்னு எனக்குத் தெரியாது. காட்டுறியா?" என்றாள். அறைக்கு வெளியே நீண்ட வராந்தா. ஒரு அலுமினியத் தட்டைக் கொடுத்தாள். இடது கையில் பிடித்துக்கொண்டேன். "இப்படி நிக்கணும். எறியற பக்கத்துக்கு முதுகு. கையைப் பின்னால கொண்டுபோகணும். அப்புறம் ஒன்றரைச் சுத்து" என்று மெதுவாகச் சுழன்றேன். அந்த நேரத்தில் ஆயா ஒருத்தி வாளியோடு வராந்தாவின் குறுக்கே வந்தாள்.

தட்டு என் கையிலிருந்து விழுந்து சிமெண்டுத் தரையில் கணகணவென்று சுற்றியது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பல் கிட்டிக்கொண்டது. உடம்பு முழுக்க உதறல். ஆயா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

"தனம், என்ன? என்ன ஆச்சு?"

"பார்த்தேன்" என்றேன்.

"யாரை?"

"கற்பகத்தை. சுத்த ஆரம்பிக்கும்போதே பார்த்தேன். குனிஞ்சு பொறுக்கிட்டிருந்தா. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை."

"அப்போ என்ன நினைச்சே?"

தரையில் கிடந்த தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "போகட்டும்னு நினைச்சேன்."

விமலா வெளுத்துப்போனாள். அதில் தப்பில்லை என்றோ, நீ நல்ல பெண் என்றோ அவள் சொல்லவில்லை. "நான் கொஞ்சம் யோசிக்கணும். இங்கேயே இரு, போயிடாதே" என்று உள்ளே போனாள். அந்தக் கொஞ்ச நேரத்தில், போலீஸைக் கூப்பிடப் போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நைனாவின் முகம்தான் கண்முன் வந்தது.

திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ தப்பு பண்ணலைன்னு நான் சொல்லமாட்டேன். கோபம் வந்தது. அது யாருக்கும் வரும். ஆனா கோபம் வந்ததுக்கும் கை விட்டதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்தது?"

"ஒன்றரைச் சுத்து."

"அதுக்குள்ள ஒருத்தரால நிக்க முடியுமா?"

யோசித்தேன். "பழகினா நிக்கலாம்."

"உன்னை யாராவது நிக்கப் பழக்கியிருக்காங்களா?"

"இல்லை. எறியத்தான் பழக்கினாங்க."

"உன் கை மறுபடி அப்படிப் பண்ணிடுமோன்னு உனக்குப் பயம். அதனால கையையே இல்லைன்னு ஆக்கிட்டே. வேணும்னு பண்ணலை, ஆனா பண்ணியிருக்கே. நாம நிக்கப் பழகலாம்."

அடுத்த நாளிலிருந்து அதுதான் வேலை. முதலில் மூச்சு: நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடவேண்டும். பிறகு கால் விரலிலிருந்து தோள்வரை ஒவ்வோர் இடமாக இறுக்கிப் பிடித்துத் தளர்த்த வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மைதானத்தில் நிற்பதாக நினைத்து மனசுக்குள்ளேயே சுழலவேண்டும். அவள் எப்போது வேண்டுமானாலும் "நில்" என்பாள். அந்த இடத்தில் நான் நிற்கவேண்டும். முதல் நாள் மனசுக்குள்கூட என்னால் நிற்கமுடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வட்டு போய்விட்டது, ஒவ்வொரு தடவையும் கற்பகம் விழுந்தாள். வியர்வையில் ரவிக்கை நனைந்துபோகும். மூன்றாம் நாள் ஒரு தடவை நின்றேன். அன்று விமலா என்னைவிட அதிகமாக அழுதாள்.

அதற்கு மறுநாள் மதியம், அம்மா சோற்றை உருட்டி, பழக்கத்தில் என் வலது உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

"சுடுது" என்றேன்.

"ஆற வெச்சித்தான குடுத்தேன்…" என்றவள் நிறுத்தினாள். "இன்னா சொன்னே?"

கட்டைவிரலடியில் மட்டும் சூடு. அன்று கட்டைவிரல், மறுநாள் மற்ற விரல்கள், பிறகு முழங்கைவரை, எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுத்துக்கொண்டு எல்லாம் திரும்பின. நைனா வார்டில் இருந்த எல்லோருக்கும் பொரித்த சங்கரா மீன் கொண்டுவந்து கொடுத்தார், நடிக்கிறாள் என்று சொன்னவளுக்கும் சேர்த்து. எனக்குத்தான் பயம் இரண்டு மடங்காயிற்று. இப்போது கை இருக்கிறது.

"அவகிட்ட நான் சொல்லணுமா?" என்று விமலாவிடம் கேட்டேன்.

"தெரியலை தனம். சொன்னா அவ உன்னை என்ன வேணும்னாலும் சொல்லலாம். அதைத் தாங்க முடியும்னு தோணும்போது சொல்லு."

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துச் செங்கல்பட்டு மைதானத்துக்குப் போனேன். கற்பகம் தனியாக எறிந்துகொண்டிருந்தாள். எறிந்துவிட்டு, பொறுக்கப் போகும்போது முகத்தைத் திருப்பி, எறிபவர் நிற்கும் வளையத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனாள். அங்கே யாரும் இல்லாதபோதும் அப்படித்தான் நடந்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ பாத்தத நானும் பாத்தேன்க்கா. நிமிந்தேன், உன் கண்ணு எம்மேல கீது. அப்புறம் டிஸ்கஸ் வர்து. சிரிக்காம இருந்தா அளுதிருப்பேன், அதான் சிரிச்சேன். ஆஸ்பத்திரிக்கு வந்தது, ஒருவேள நான் தப்பா நெனச்சிக்கினேனோன்னு பாக்க. நீ கைய விடுடின்னு கத்தினே. சரியாத்தான் நெனச்சிருக்கேன்னு தெரிஞ்சிபோச்சி."

மன்னிப்புக் கேட்டேன். அவள் வட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. மாநிலப் போட்டிக்கு அவள்தான் போகிறாள் என்று முடிவாகியிருந்தது. கடைசியில் நான், விமலா பழக்கிய விஷயத்தைச் சொன்னேன். "நீ நில்லுன்னு சொல்லு. நான் நிக்கிறேனான்னு பாரு."

அவள் வலைக்கம்பிக்குப் பின்னால் போய் நின்றாள். நான் வளையத்தில் ஏறிச் சுழன்றேன். "நில்லு" என்றாள். நின்றேன். மறுபடி சுழன்றேன். "நில்லு." கால் மாற்றும் நேரத்தில், கை முன்னால் வரும் நேரத்தில், விரல் விடப்போகும் நேரத்தில் என்று விதவிதமாகச் சொன்னாள். அன்று ஒரு தடவைகூட அவள் என்னை எறியவிடவில்லை. வெயில் இறங்கியதும் விடுதிக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு போனேன். அதேதான். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. வலிக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

மூன்றாம் ஞாயிறு நான் வளையத்தில் ஏறியபோது அவள் கம்பிக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நின்றாள். கையைப் பின்னால் கொண்டுபோனேன், சுழன்றேன், பாதிச் சுற்றில் நின்றுவிட்டேன்.

"இன்னாக்கா? நான் ஒண்ணியும் சொல்லலியே."

"ஆமா" என்றேன். "யாராவது இருக்காங்களான்னு பாத்துக்கினேன்."

மைதானம் காலியாக இருந்தது. கற்பகம் தலையை ஆட்டினாள். மறுபடி முதலிலிருந்து கால் வைத்து, எறிந்தேன்.